வீராயி பாடிய ஏசல்

உடையார்பாளையத்துப் பக்கம் பண்ணை வீட்டுக் கல்யாணம் என்றால் ஏசல் பாட வீராயி வந்தாக வேண்டும். நடவுக்குப் போகிற கூலிக்காரிதான். ஆனால் மாப்பிள்ளை அழைப்பன்று அவள் வாய்க்குத் தடையில்லை. பெண் வீட்டுக்காக மாப்பிள்ளையைத் தொப்பை என்பாள், சம்பந்தியம்மாளைச் சுரைக்காய் என்பாள். மற்ற நாளில் சொன்னால் பல் இருக்காது. அன்றைக்கு வெற்றிலையும் சேலையும் கிடைக்கும்.

உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்தபோதும் அய்யாக்கண்ணு பண்ணையின் பந்தலில் விளக்குக்குக் குறைச்சலில்லை. மகள் லீலாவதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரஞ்சன்குடிப் பக்கத்து நிலக்காரர் குருநாதன். மூத்த தாரம் கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று பேச்சு. வீராயியின் தங்கை காத்தாயி அந்த வீட்டில்தான் சாணி அள்ளினாள். அவள் கண்ணால் பார்த்தது வேறு. அடி பொறுக்காமல் அந்தப் பெண் தானாகக் குதித்தாள்.

லீலாவதியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் வீராயி. மனசு கேட்குமா? பெண்ணின் தாய் சுந்தராம்பாளிடம் போய்ச் சொன்னாள்.

“பந்தக்கால் நட்டாச்சுடி. இப்ப வந்து அபசகுனமாப் பேசுற? வாயக் கட்டு!”

வாயைக் கட்டாத இடம் ஒன்று இருக்கிறதே என்று வீராயி நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் எடுத்துவிட்டாள்.

“மீச முறுக்கும் மாப்பிள்ளே,
மூத்த தாரம் என்னாச்சு?
சாட்ட அடி தாங்காமே
கெணத்துக்குள்ளே பொணமாச்சு!”

பந்தலில் எல்லாத் தலையும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. பிறகு குருநாதனே தொடையைத் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை சிரித்த பிறகு யார் சிரிக்காமல் இருப்பது?

“அடி ஆத்தே! ஏசல்ல காரம் தூக்கல்!” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை குஞ்சம்மாள்.

“பாட்டில்லீங்க, நெசங்க!” வீராயி கத்தினாள். “எந் தங்கச்சி பாத்தாளுங்க!”

“பாருடி, சாட்சி வேற வச்சிருக்கா!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

சிரிப்பு இன்னும் பெரிதானது. அய்யாக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுக்குச் சேலை கொண்டுவரச் சொன்னார்.

கதவோரம் நின்ற லீலாவதி மட்டும் சிரிக்கவில்லை. வீராயியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நெசமா?”

“நெசந்தான் தாயி.”

“அப்பாகிட்டச் சொல்லேன், வீராயி.”

“அவுரு முன்னாலதானே பாடினேன்!”

குஞ்சம்மாள் வந்து பெண்ணின் கன்னத்தைக் கிள்ளினாள். “ஏசலுக்குப் போயி மூஞ்சியத் தூக்கலாமா கண்ணு? எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி தேனாட்டம் இருக்கும், வா” என்று அழைத்துப் போனாள்.

புதுச் சேலையை வீராயியின் தோளில் போட்டு, அதையே இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள்.