அத்தை சாப்பிட்டுவிட்டாளாம்

என் அப்பா சின்னையா, ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது.

எழுபத்தாறு வயதில், ஈப்போ பக்கம் லகாட்டில் என் வீட்டோடு வந்து இருக்கும்போது, முகம் படிக்கும் அந்தக் கண் அவரைக் கைவிட்டது. ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள் கிளினிக்கில். ஆனால் டீக்கடையில் யாராவது கேலி செய்தால் அவமானப்படுத்துகிறார்கள் என்று எழுந்து வந்துவிடுவார். வீட்டுக்கு வந்தவர்கள் போனதும், கோபமாகப் போனார்களா, சந்தோஷமாகப் போனார்களா என்று என்னைக் கேட்பார். நான் எரிந்து விழுவேன். மனுஷன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு எங்கே தெரிந்தது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், அவர் தங்கை இருளாயி பாகான் செராயிலிருந்து வந்திருக்கிறாள். மாமா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா சாப்பிடச் சொன்னாராம். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றாளாம் அத்தை. நம் வீடுகளில் அந்தப் பேச்சை யார் நம்புவார்கள்? மூன்று தடவையாவது வற்புறுத்தித் தட்டைக் கையில் திணிக்க வேண்டும். அப்பா நம்பிவிட்டார். சும்மாதான் வந்தேன் என்றதையும் நம்பினார். அரை மணி நேரத்தில் அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

"பெரிய பேக்கு ஒன்னு வச்சிருந்தா," என்றார் என்னிடம்.

இரண்டு பஸ் மாறி வந்தவள் எங்கே சாப்பிட்டிருப்பாள், சும்மா வந்தவளுக்குப் பெரிய பை எதற்கு என்று கேட்டேன். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தைக்குப் போன் அடித்தோம், எடுக்கவில்லை.

அவள் பஸ் ஏறுவதற்குள் பிடித்துவிடலாம் என்று ஈப்போ பஸ் ஸ்டேஷனுக்குக் காரில் கிளம்பினோம். நானே அவளை விரட்டிட்டேனா, நானே விரட்டிட்டேனா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அத்தை ஒரு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இருளாயி, எனக்கு இப்பல்லாம் யாரு மொகத்தப் பாத்தாலும் ஒன்னும் புரியல. வாயத் தொறந்து சொல்லுலா. எதுக்கு வந்த?"

அத்தை பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீட்டுல தனியா இருக்க பயமா இருக்குண்ணே."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார் அப்பா.

என் ஐம்பது வயதில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அத்தையின் பையை நான் வாங்கிக்கொண்டேன்.