நோவுக்குக் காத்திருந்தோம்

யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீட்டில், எனக்கு உடம்பு நோக வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அண்ணாவுக்கு இரத்தப் புற்றுநோய். கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருந்தார். சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது, ஊதினால் பறந்துவிடுவேன் என்று அவரே கேலி செய்கிற என்னுடைய இரத்தம்தான். நான் சில நாட்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அது என் எலும்பு மச்சையிலுள்ள, இரத்தத்தை உண்டாக்குகிற மூலக்கலங்களை இரத்தத்துக்குள் இறக்கிவிடும். மெஷின் பிரித்தெடுக்கும். அவை அண்ணாவின் எலும்புக்குள் போய் முளைக்கும். ஆனால் அதற்கு முன் அவருடைய சொந்த மச்சையை மருந்தால் அழித்துவிடுவார்கள். என்னுடையது போதாமல் போனால் அவருக்கு வேறு வழியில்லை.

"இந்த மெலிஞ்ச உடம்பிலை காணுமோ டொக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"சுகமான ஆக்களிட்டைப் பெரும்பாலும் காணும் அம்மா. சிலருக்கு ஏனெண்டு தெரியாமலே குறையும். கடைசியிலை இரத்தத்தைச் சோதிச்சால்தான் சொல்லலாம். எலும்பு நோகக்கூடும், பயப்பிடாதேங்கோ."

அம்மாவின் காதில் கடைசி வரி மட்டும்தான் விழுந்தது. நோ வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

மருந்துக் குப்பிகளை ரெஜிபோம் நுரைப்பெட்டியில் ஐஸ் போட்டுக் கண்டிக்குக் கொண்டுவந்தேன். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவற்றை வெளியே எடுத்து வெயிலில் மேசையில் பரப்பினான். தமிழ்ப் பெயர், சிரிஞ்சுகள், தெரியாத மருந்து. சந்தேகப்பட அவனுக்குக் காரணம் இருந்திருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுக்க அடங்கவில்லை. மேலதிகாரி வந்து பார்த்து என்னைப் போகவிடுவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது.

"அந்த வெயில் ஒண்டும் செய்யாது" என்று டொக்டர் போனில் சொன்னார். நாங்கள் நம்பவில்லை.

ஊசி தொடங்கியது. காலையில் கண் விழித்தால் அம்மா பக்கத்தில் நிற்பார். "நோகுதோ பிள்ளை?"

"இல்லையம்மா."

அவருடைய முகம் வாடிவிடும். எதிர்வீட்டு முஸ்லிம் ராத்தா எலும்பு சூப்போடு வருவார். "இன்னம் நோவல்லயா தங்கச்சி? நல்லா நோவணும்னு துஆ கேட்டு ஈக்கேன்." சுகமாக இருப்பதற்காகக் குற்றவாளியானவள் கண்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். யாரும் பார்க்காதபோது இடுப்பெலும்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் யாருக்குத்தான் நோகாது? உள்ளுக்குள் எனக்கும் பயம் பிடித்துவிட்டது.

அண்ணாவுக்கு மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். போனில் குரல் நலிந்து கேட்டது. "நோகுதோ?"

"ஓம் அண்ணா, இடுப்பெல்லாம் தாங்கேலாமல் நோகுது."

அவர் போனை வைத்துவிட்டார்.

கொழும்பில் என் இரத்தத்தைச் சோதித்த டொக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். தாராளமாக இருக்கிறதாம். அம்மா சந்தோஷப்படுவதை விட்டு, "இவளுக்கு நோகவே இல்லையே" என்று முறைப்பாடு சொன்னார்.

"நோவை வைச்சுக் கணக்குப் பாக்கேலாது அம்மா."

மெஷின் பக்கத்தில் படுத்திருந்தேன்; ஒரு கையால் இரத்தம் போய் மறு கையால் திரும்பி வந்தது. அன்றே அண்ணாவுக்கு ஏற்றினார்கள். பிறகு தொடங்கியதுதான், அவை முளைக்குமா என்ற உண்மையான காத்திருப்பு. நான் அம்பிட்டியவுக்குத் திரும்பிவிட்டேன். கொழும்பில் நின்ற அம்மா ஒவ்வொரு நாளும் போனில் "இன்னும் ஒண்டுமில்லை" என்பார்.

ஒருநாள் அம்மாவுக்குப் பதிலாக அண்ணாவே பேசினார்.

"எடியே, நோகுதடி. இடுப்பெலும்பெல்லாம் நோகுது. உள்ளுக்கை முளைக்குதாம், டொக்டர் சொல்லுறா."

நான் விம்மினேன்.

"நீ அண்டைக்குப் புளுகினது எனக்குத் தெரியும்," என்றார். "இது புளுகில்லை."