திருமயத்துப் பொட்டலில் எட்டுச் சுற்று

ஐம்பத்தேழாம் வருஷத்து வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்சி உறையூரிலிருந்து கிளம்பினேன். மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறவன் வண்டியை லாரியில் ஏற்றிப் போவதுதான் வழக்கம். லாரிக்காரர் பதினைந்து ரூபாய் கேட்டார். அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டால் மதுரைக்குப் போய்த் திரும்பியே வந்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினேன். பட்டாளத்து ஏலத்தில் எங்கள் முதலாளி எடுத்த 350 சி.சி. வண்டி அது. பட்டறையில் அதைப் பிரித்து மாட்டியவன் நான். அதில் எந்த போல்ட் எப்போது தளரும் என்பது எனக்குத் தெரியும்.

நான் எதற்காகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் நடக்கும் பெரிய பந்தயத்துக்கு வருஷத்துக்கு ஒருவரை முதலாளி தம் செலவில் அனுப்புவார். மூன்று வருஷமாக அது நான்தான். இந்த வருஷம் அவர் என்னைக் கூப்பிட்டு, "சுந்தரம், முப்பத்தஞ்சைத் தொட்டுட்டே. ராஜு சின்னப் பையன், நல்லா ஓட்டுறான். திருமயத்துல நீ முதலாவதா வந்தா நீ போ. ரெண்டாவது வந்தாலும் அவன்தான்" என்று சொல்லிவிட்டார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் போட்ட கணக்கு சரிதான். இதை விட்டால் எனக்கு இனிமேல் சென்னை இல்லை.

கீரனூரில் டீ குடித்தேன். நயா பைசா வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஓரணாவுக்கு ஆறு பைசாவா ஏழு பைசாவா என்று கடைக்காரருக்கும் ஒரு வண்டிக்காரருக்கும் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். புதுக்கோட்டை முப்பத்து மூன்று மைல். அங்கிருந்து திருமயம் பன்னிரண்டு மைல். பாறையின் மேல் கோட்டை தெரிந்ததும் மேற்கே திரும்பி, வண்டித்தடத்தில் நாலு மைல் போனால் பொட்டல்.

பத்து மணி வெயிலில் அந்த இடத்தை முதன்முதலாகப் பார்த்தேன். செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு புல் இல்லை. ஒரு பக்கம் வற்றிப்போன கண்மாய். அதன் கரையை ஒட்டி ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் ஓர் உசிலை மரத்தடியில் கருப்பர். கட்டடம் கிடையாது. நட்டு வைத்த அரிவாள்களும், கிளைகளில் கட்டிய மணிகளும்தான். மரத்துக்கு முன்னால் பாதையின் இரண்டு ஓரங்களிலும் மண்குதிரைகள் வரிசையாக நின்றன. சில புதிதாகச் சுண்ணாம்பு பூசியவை. சில கால் உடைந்து, முகம் கரைந்துபோனவை. எல்லாக் குதிரைகளும் பந்தயம் போகும் திசையையே பார்த்து நின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஊர்ப் பெரியவர் சின்னையா அம்பலம், பந்தயத்துக்கு வந்திருந்த எங்களை எல்லாம் நிற்க வைத்துப் பேசினார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனம்.

"ஓட்டுறது ஒங்க இஷ்டம் தம்பி. இந்தக் குதிரைங்க நிக்கிற தூரத்துக்கு மட்டும் யாரும் வண்டியில உக்காந்து போகக் கூடாது. எஞ்சினை அமத்திட்டு, எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. கடைசிக் குதிரை தாண்டுனதும் ஏறிக்கிடலாம்."

"எட்டுச் சுற்றும் இறங்கணுமாங்க?" என்று கேட்டேன்.

"எட்டுத் தடவையும்தான். மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் இதேதான். அவரு முன்னாடி ஏறி உக்காந்து போறவன் இந்தச் சீமையில கெடையாது."

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. இருப்பதெல்லாம் ஸ்பேனர் நம்பிக்கைதான். பந்தயம் என்று கூப்பிட்டுவிட்டு வண்டி தள்ளச் சொல்கிறார்களே என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அறந்தாங்கியில் பஸ் டிரைவராக இருக்கும் காதர் பாய். நான்கு வருஷமாக எல்லாப் பந்தயத்திலும் எனக்குப் பின்னாலேயே வருகிறவர். என்றைக்காவது முன்னால் வந்துவிடுவாரோ என்று நான் பயப்படும் ஒரே ஆள்.

"எல்லாருக்கும் ஒரே தள்ளுதானேண்ணே. நான் போன வருசமும் வந்தேன். தள்ளுறப்ப மட்டும் பேசாதீங்க, திரும்பிப் பாக்காதீங்க. இங்கிட்டு அது வழக்கம்" என்றார்.

"பார்த்தா என்ன ஆகும்?"

"தெரியாதுண்ணே. நான் பாக்கல."

அன்றிரவு பள்ளிக்கூடத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். பந்தயச் செலவில் சோறும் கோழிக் குழம்பும். நன்றாகத் தூங்கினேன். அதனால் மறுநாள் நடந்ததைத் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிட எனக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டிப் பந்தயம் இழுத்துக்கொண்டே போயிற்று. நான் அதைப் பார்க்கப் போகவில்லை. மரநிழலில் உட்கார்ந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறை வரும்போது உச்சி வேளை ஆகிவிட்டது. "இந்த நேரத்துலயா?" என்று காதர் பாய் அம்பலத்தைக் கேட்டார். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுக் கொடிக்காரருக்குக் கை காட்டினார். கொடி இறங்கியது.

பன்னிரண்டு வண்டிகள் ஒன்றாகக் கிளம்பினால் அந்த மண்ணில் என்ன ஆகும் என்பதை எழுதிக் காட்ட முடியாது. முன் சக்கரம் தெரியாது. பல்லில் சரளை நறநறக்கும். பக்கத்து வண்டி எங்கே இருக்கிறது என்பதை அதன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்மாய்க் கரை வளைவில் இடது காலைத் தரையில் தேய்த்துத் திருப்பினேன். மூன்றாவதாக வெளியே வந்தேன்.

அப்புறம் முதல் குதிரை. எஞ்சினை அமர்த்தி இறங்கினேன்.

இப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததே இல்லை. ஒவ்வொரு வண்டியாகச் சத்தம் நின்றது. இரண்டு பக்கமும் ஊர்ச் சனம் நெருக்கியடித்து நின்றது. கைக்குழந்தைகூட அழவில்லை. எங்கள் மூச்சும் பூட்ஸ் மிதிபடுவதும் மட்டும் கேட்டது. சனங்கள் எங்களைத்தான் பார்த்தார்கள். நாங்கள் நகர நகர அவர்கள் தலையும் கூடவே திரும்பியது. கடைசிக் குதிரை தாண்டியதும் உதைத்துக் கிளப்பி ஓடினேன். எதிலிருந்தோ தப்பியவன் போல் இருந்தது. என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

நாலாவது சுற்றில் நான் முதலாவதாக வந்தேன். காதர் பாய் என் தோளுக்குப் பின்னாலேயே வந்தார். ஏழாவது சுற்றில், கண்மாய் வளைவில், அவர் வண்டியின் செயின் அறுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் வண்டியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அரைச் சுற்றுக்கும் பின்னால். கடைசிச் சுற்று தொடங்கும்போது என் முன்னால் வெறும் பொட்டல்தான். சென்னை எனக்குத்தான் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாயெல்லாம் மண்.

அப்போதுதான் எனக்கு முன்னால் தூசியைப் பார்த்தேன்.

ஒரு வண்டி போனால் எழும்பும் தூசி. சூறைக்காற்று சுழன்று மேலே ஏறும். இது படுத்தவாக்கில், பாதையை ஒட்டி, கண்மாய் வளைவுக்குள் திரும்பியது. ஒரு சுற்றுப் பின்தங்கிய ஆள் யாராவது இருக்கும் என்று எண்ணினேன். அப்படி யாரையும் நான் தாண்டவில்லையே என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது. ஒருவேளை நான்தான் கணக்குத் தப்பிவிட்டேனா, உண்மையில் இரண்டாவதாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேனா? ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினேன். வளைவில் காதர் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் குதிரையில் இறங்கினேன். தள்ளினேன். இந்த முறை சனங்கள் என்னைப் பார்க்கவில்லை.

எல்லாத் தலையும் எனக்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு முழத்தில் எதையோ பார்த்தன. நான் தள்ள, நடை வேகத்தில் அந்தத் தலைகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டே போயின. ஒரு பெண் கும்பிட்ட கையை, நான் அவளை நெருங்குவதற்குள் இறக்கிவிட்டாள். பாதையில் யாரும் இல்லை. வெயில் இருந்தது, குதிரைகள் இருந்தன. கடைசிக் குதிரைக்கு அப்பால் தலைகள் சடக்கென்று வேகமாகத் திரும்பின. மண் கிளம்பியது. பயந்தேன், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஆனாலும் உதைத்துக் கிளப்பினேன். அந்த நேர்பாதையில் ஓட்டியது போல் நான் என் ஆயுளில் ஓட்டியதில்லை. வண்டி கழன்றுவிடும் என்று தெரிந்தே திருகினேன். தூசி கிட்டே வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. பந்தய முடிவுக்கோட்டைத் தாண்டினேன். தாண்டியதும் முன்னால் ஒன்றும் இல்லை. மாடுகள் கட்டிய வேப்பந்தோப்புதான் நின்றது.

ஒலிபெருக்கியில் அம்பலத்தின் குரல் வந்தது. "மொத எடம் நம்ம கருப்பருக்கு! ரெண்டாம் எடம் திருச்சி சுந்தரம்!"

மாலையையும் பட்டுத் துண்டையும் கொண்டுபோய் ஒரு மண்குதிரையின் கழுத்தில் போட்டார்கள். என் கையில் ஒரு பித்தளை அண்டாவைக் கொடுத்தார்கள். நான் அண்டாவைத் தரையில் வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன்.

"என்னய்யா அநியாயம்? எனக்கு முன்னாடி எவன் வந்தான்?"

அம்பலம் கோபப்படவில்லை. "மாட்டுவண்டிக்கும் இப்படித்தான் தம்பி. மொத எடம் எப்பவும் அவருக்கு. எங்க கணக்குல ரெண்டாவதுதான் ஜெயிச்ச ஆளு. இது தெரியாமயா வந்தீங்க?"

"எங்க முதலாளிக்கு இது புரியாதுங்க. முதலாவதுன்னாதான் எனக்குச் சென்னை."

"அப்ப மொதல்னே சொல்லுங்க. கருப்பர் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு. நானே வேணும்னா சொல்றேன்."

பிரச்சினை அதோடு தீர்ந்தது. அது ஊர் வழக்கம், அவ்வளவுதான். மனசு லேசானது. காதர் பாய் செயினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவரை ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டேன்: "கடைசிச் சுற்றுல எனக்கு முன்னாடி யாரு போனது?"

"யாரும் போகலையேண்ணே. நீங்க மட்டுந்தான்."

"அப்ப ஏன் மொகத்தை மூடிக்கிட்டீங்க?"

"தூசி வந்துச்சுல்ல." சொல்லிவிட்டு அவர் செயினை மறு தோளுக்கு மாற்றினார். "ஆமா, நீங்க அப்ப வளைவுக்கே வரலையே" என்றார்.

நாலு மணிக்கு அங்கிருந்து கிளம்பினேன். எங்கள் ஊர்ப் பந்தயங்களை நினைத்துக்கொண்டே வந்தேன். கையில் கடிகாரத்தோடு ஆள் நிற்பான். முன் சக்கரம் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சட்டையைப் பிடித்துக்கொள்வோம். இங்கே முதலிடத்துக்கு யாருமே அடித்துக்கொள்வதில்லை. ஜெயித்த வண்டிக்காரர்கள் தோற்றவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டதைப் பார்த்தேன். நல்ல வழக்கம்தான் என்று தோன்றியது. ஆனாலும் புதுக்கோட்டை வரும்வரை நான் என் முன்னால் இருந்த ரோட்டை நிம்மதியாகப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டறையில் முதலாளி எனக்காகவே காத்துக்கொண்டிருந்தார். ராஜுவும் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றான்.

"என்ன சுந்தரம், முதலாவதுதானே?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பதில் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். அந்த நேர்பாதை முழுக்க நான் யாரையோ துரத்தினேன், பிடிக்க முடியவில்லை. பந்தயக்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

"ரெண்டாவதுங்க" என்றேன்.

"அட, யாருய்யா ஒன்னை முந்துனது?"

"ஆளைப் பார்க்கலைங்க. தூசியைத்தான் பார்த்தேன்."