செயினுக்கு நல்லெண்ணெய் விட்ட கதை

இன்று காலை மரக்காணம் சைக்கிள் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர், பஞ்சர் ஒட்டக் காத்திருந்த உப்பளத்து அக்கா ஒருவர், நான், பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட என் மகனின் கியர் சைக்கிள்.

வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிவிட்டு, மிஞ்சுகிற நல்லெண்ணெயை வீணாக்காமல் அதன் செயினுக்கு விடுவது என் வழக்கம். இப்போது பெடலைச் சுற்றினால் கரகரவென்கிறது. கியர் மாறவே மாட்டேன் என்கிறது.

கடைக்காரர் செயினைத் தொட்டுப் பார்த்தார். "இன்னாம்மா இது, பிசின் மாதிரி இருக்குது? உப்புக்காத்துல வர்ற மண்ணு மொத்தமும் இதுலதான் ஒட்டிக்கினு இருக்குது."

விளக்கேற்றி மிஞ்சிய நல்லெண்ணெய் என்றேன். "சாமி எண்ணெய ஊத்துனா வண்டி கோயிலுக்குத்தான் போவும்" என்றார் அக்கா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்காரர் மண்ணெண்ணெயில் பழைய டூத் பிரஷை நனைத்துச் செயினைத் தேய்த்தார். துடைத்துக் காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டார். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மிகுந்த எண்ணெயைத் துணியால் எடுத்துவிட்டார். கடலோரத்தில் இருப்பவர்கள் இப்படியே செய்யுங்கள்.

பிறகு சொன்னார்: "சும்மா நின்னாலும் துரு ஏறும்மா, யாராச்சும் ஓட்டணும். நடுக்கம்பி தாழ்வாத்தான் இருக்குது, நீங்களே ஓட்டலாம். சீட்டை எறக்கித் தரட்டுமா?"

சீட்டு இன்னும் அவன் உயரத்தில்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான்.

"கேட்டுட்டு சொல்றேங்க" என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

இந்த வாட்ஸ்அப் குழுவில் அவனும் இருக்கிறான். எல்லாவற்றையும் படிப்பான், எதற்கும் பதில் போடமாட்டான்.

கண்ணு, சீட்டை இறக்கிவிடட்டுமா, அப்படியே இருக்கட்டுமா? சீக்கிரம் பதில் போடு.