முதுகு மட்டும் தெரிந்த ஆள்

என் காகிதங்களைக் கேட்டுச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தபோது, முதலில் எனக்கு அவள் மேல்தான் சந்தேகம். எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளையும் ஓவியங்களையும் சேர்த்து வைக்கிற நூலகமாம். நான் போட்டது இரண்டு சிறுகதைத் தொகுப்பு, வரைந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. இதற்காக ஒருத்தி ஸ்ரீபெரும்புதூர் வரை, இத்தனை கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஆட்டோ பிடித்து வருவாளா? அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். பாவம், அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

பெட்டி கூடத்தில் இருந்தது. சாவிதான் என்னிடம் இல்லை. அது தொண்ணூற்றொன்றிலிருந்து என் கணவரின் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது.

"இத்த எல்லாரும் எட்த்து படிப்பாங்களா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆராய்ச்சி பண்றவங்க படிப்பாங்க ஐயா."

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஆளு யாருன்னு சொல்லு. சாவி தரேன்."

அந்தப் பெண் விழித்தாள். விழிக்காமல் என்ன செய்வாள்? அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மே மாதம் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை. லாட்ஜுகள் காலியாயின. பழைய துணி வாங்க வந்தவனைக்கூடத் தெருமுனையிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு அப்போது வாலாஜாபாத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. தினமும் பஸ் வரும்வரை எங்கள் ஊர் பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, நிற்கிறவர்களை வரைவேன். வருடக்கணக்காக யாரும் கண்டுகொள்ளாத அந்தப் பழக்கம், அந்த மாதம் யார் கண்ணையோ உறுத்திவிட்டது. எதிர்வீட்டம்மாதான் போலீசில் போட்டுக்கொடுத்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆதாரம் கிடையாது. ஆனாலும் அதன்பிறகு உறைமோர் கேட்டுக்கூட நான் அவள் வாசற்படி ஏறவில்லை.

பெட்டியோடு எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, எல்லாம் முதுகாவே கீது? ஒண்ணுல கூட மூஞ்சி இல்லியே?"

"பஸ் வர்ற பக்கம் பாத்துகினு நிப்பாங்க சார். பெஞ்சு பின்னால கீது."

அவர் நம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரும்படி ஒரு கான்ஸ்டபிளை பஸ் நிலையத்துக்கு அனுப்பினார். அவர் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, "ஆமா சார், முதுகுதான் தெரியுது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

அடுத்து அவர் கையில் அகப்பட்டது, அச்சேறாத ஒரு கதை. ஒருத்தி விடியற்காலையில் ஒரு மஞ்சள் பையுடன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். வாலாஜாபாத்தில் ஒருவன் அவளுக்காகக் காத்திருக்கிறான். அதைப் புகார் மனு வாசிக்கிற குரலில், உரக்க, ஒரு வரி விடாமல் வாசித்தார். பக்கத்து நாற்காலியில் என் கணவர். உரக்கடை வைத்திருந்தவர், உர மூட்டையில் அச்சடித்திருப்பதைத் தவிர வேறு எதையும் படிக்காதவர். என் எழுத்தை அவர் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான், அந்தக் குரலில்தான்.

"பையில இன்னா இருந்துச்சு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு பொடவை சார்."

"வேற?"

"வேற எதுவும் எழுதலையே சார்."

பையைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் அலுத்துப்போய், பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். போலீசின் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. வீட்டுப்படி ஏறும்போதே என் கணவர் கேட்டார்: "யாரு அவன்?"

எவனும் இல்லை என்றேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். மழைக்காலம் வந்தால் அவரே திறந்து அந்துருண்டை போடுவார். அப்போது ஒவ்வொரு முதுகையும் உற்றுப் பார்ப்பார். கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் மேல் அவருக்குத் தனிக் கண். ஒரகடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எங்கள் சங்கத்துச் செயலாளர் பந்தியில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இவர் போய் அந்த முதுகைப் பார்த்தபடி பின்னால் நிற்கிறார். சாம்பார் வாளியோடு வந்தவன் இவரைச் சுற்றிக்கொண்டு போனான். எனக்கு உயிரே போய்விட்டது. என்னை அடிக்கவில்லை, வையவில்லை. வேலையை விடச் சொல்லவுமில்லை. சந்தேகம் மட்டும் பட்டார், ஒரு வேலையைப் போல. அப்புறம் நான் எழுதியதையெல்லாம் சங்கத்து மேசையிலேயே எழுதி, அங்கிருந்தே தபாலில் சேர்த்தேன்.

இதையெல்லாம் கேட்டு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அசையவில்லை.

"இப்பனாச்சும் சொல்லேன். வயசாய்ப்பூச்சு. இன்னா பண்ணிடப் போறேன்?"

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. வெளியாள் இருப்பதுகூட மறந்துபோயிற்று. "அப்படி ஒருத்தன் இருந்திருந்தா இந்த வூட்ல நான் ஏன் இன்னும் உக்காந்துகினு கீறேன்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் கை இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டது. பிறகு மெதுவாக, "போயிருப்பியா?" என்றார்.

இத்தனை வருடத்தில் யார் என்று கேட்டாரே தவிர, இதைக் கேட்டதில்லை. பொய் சொல்லியிருக்கலாம். இந்த வயதில் பொய் சொல்லி யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

"போயிருப்பேன்," என்றேன்.

அவர் வேட்டியைத் தளர்த்தி, கயிற்று முடிச்சைத் தடவித் தடவி அவிழ்த்தார். சாவியை என் கையில் வைத்தார். முப்பது வருடத்தில் முதன்முறையாக நான் சொன்னதை அவர் நம்பினார் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நம்பிய முகத்தில் நிம்மதி இல்லை.

"எவனாவது ஒருத்தன் இருந்திருந்தாகூடப் பரவால்ல," என்றார்.