வாய்க்கால் முடிகிற இடம்

கிளிவெட்டி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவருக்கு வட்டைவிதானை என்று பெயர். விவசாயிகள் கூடித் தெரிவுசெய்கிற பதவி. வருமானம் கொஞ்சம், வசவு நிறைய. ஞானசேகரம் ஒன்பது வருடமாக அதில் இருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் களவாகத் தன் பக்கம் திருப்பாத மனுசன் என்று ஊர் சொல்லும். அதைக் கேட்பதில் அவருக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கோடைச் சிறுபோகத்தில் குளம் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. நாலு நாள் தண்ணீர். அடுத்த திறப்பு பன்னிரண்டு நாள் கழித்து. தட்டுப்பாடு வந்தால் வாய்க்கால் முடிகிற இடத்தில் தொடங்கி மேலே ஏறுவதுதான் அங்கே வழக்கம். மேல்வயல்கள் முதலில் குடித்தால் கீழே ஈரமும் மிஞ்சாது. ஆனால் வாய்க்கால் முடிகிற இடத்து வயல் ஞானசேகரத்தினது.

வேலியே பயிரை மேயப்போகுது என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ சிரித்தது அவர் காதில் விழுந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று விட்டிருக்கலாம். விடவில்லை. மேலேயிருந்து தொடங்கச் சொல்லி, தன் வயலைக் கடைசியில் வைத்தார். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

நாலாம் நாள் பின்னேரம் அவர் வயலுக்குச் சேறுதான் வந்தது. வெடித்த நிலத்தைப் பார்க்க அவருக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

மறுநாள் தோப்பூரிலிருந்து சுஹைரா வந்தாள். அவருடைய வயலுக்குப் பின்னால் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குச் செய்கிறவள். அவள் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. இவர் வயல் நிரம்பி, வரம்பில் வெட்டிய வாய் வழியாக வழிவதுதான் அவளுக்குத் தண்ணீர். அதனால் தண்ணீர்ப் பங்கீட்டுப் பட்டியலில் அவள் பெயரே இல்லை.

"என்ட வயலும் காஞ்சுதான் கிடக்கு, தங்கச்சி" என்றார்.

"உங்கட வயலக் காயவிட உங்களுக்கு உரிமை இருக்கு, விதானையார். என்ட வயலையும் சேர்த்துக் காயவிட்டெல்லோ நல்ல பேர் எடுத்தீங்க. கதிர் வாற நேரம் இது. பன்னிரண்டு நாள் தாங்காது."

அவளைப் பற்றி அவர் ஒருகணமும் நினைத்திருக்கவில்லை.

அடுத்த திறப்பில் கடைசி வயலுக்கே முதல் தண்ணீர் என்று அறிவித்தார். உங்களுக்கோ என்று ஒருவர் இழுத்தார். ஓம், எனக்குத்தான் என்றார் ஞானசேகரம்.

இரண்டு வயலும் நிரம்பின. ஊராரின் விதைப்பை மேற்பார்த்து முடித்த பிறகே தன் வயலைப் பிந்தி விதைத்தவர் என்பதால் அவருடைய இளம்பயிர் நிமிர்ந்துகொண்டது. சுஹைராவின் கதிரைக் கசக்கினால் எல்லாம் சப்பி, உள்ளே அரிசியே இல்லை. அறுவடை மெஷின் இவர் வயலில் இறங்கிய நாளில், அவள் தன் பயிரை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மூட்டை நெல்லை வரம்பில் கொண்டுபோய் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"நெல்லு வேணாம், விதானையார். வாற போகத்துப் பட்டியல்ல என்ட பேரை எழுதுங்க."