டாக்டர் கேட்டு எழுதிய மனு

கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் ஊர். இங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு மேல் டாக்டர் கிடையாது. சாயங்காலமும் டாக்டர் வேண்டும் என்று மனு எழுதி, ஓ.பி. வரிசையில் நின்ற எல்லாரிடமும் நான்தான் விலாசத்தோடு கையெழுத்து வாங்கினேன். என் சிநேகிதி செல்வியும் போட்டாள். ரோட்டைத் தாண்டினால் அவள் வீடு. ஆனால் அது தமிழ்நாடு. எனக்கு அது உறைக்கவே இல்லை.

மனுவைப் பார்த்த அதிகாரிக்கு உறைத்தது. பாதிப் பேரின் விலாசம் வெளி மாநிலம். டாக்டர் வரவில்லை, ஓ.பி. சீட்டுக்கு ஆதார் கேட்கும் வழக்கம்தான் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

"நீ நல்லதுக்குத்தான் செய்தே மக்கா. ஆனா சுகர் மாத்திரைக்கு இனி நான் ரெண்டு பஸ் ஏறிப் போணுமாக்கும்" என்றாள் செல்வி. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

போன வாரம் அதே ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கேட்டு ஒருவர் மனுவோடு வீட்டுக்கு வந்தார். ஆம்புலன்ஸ் வரும் என்ற நம்பிக்கை இல்லை. இருந்தும் கையெழுத்துப் போட்டேன். செல்வி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பேனாவுக்காகக் கை நீட்டினாள். நான் பேனாவை மூடி, வந்தவரிடமே கொடுத்துவிட்டேன்.